புது நண்பர்களை விளையாட அழைக்கக் குழந்தைக்கு ஒரு தொடர்பு அட்டை: முழுமையான வழிகாட்டி

"அம்மா, அவகூட மறுபடியும் விளையாடணும்."

"யாருகூட?"

"அதான், மஞ்சள் ஷூ போட்டிருந்தாளே!"

குழந்தைகள் அரை மணி நேரத்தில் உயிர்த்தோழிகள் ஆகிவிடுவார்கள். பெயர் கேட்கத் தோன்றாது. ஃபோன் நம்பர் என்ற ஒன்று நினைவிலேயே இருக்காது. மறுநாள் நாம் மஞ்சள் ஷூவைத் தேடிக்கொண்டிருப்போம்.

இதற்குத்தான் தொடர்பு அட்டை. விசிட்டிங் கார்டு அளவில், குழந்தையின் பெயரும் பெற்றோரின் எண்ணும் எழுதிய சின்ன அட்டை. குழந்தை அதைப் புது நண்பரிடம் கொடுக்கும், அவர்கள் வீட்டிலிருந்து நமக்கு அழைப்பு வரும்.

என் மகளுக்காக நான் இதை மூன்று முறை செய்தேன். முதல் தடவை வானவில், பட்டாம்பூச்சி, சுருள் சுருளான எழுத்தில் பெயர், கீழே என் எண். 20 அட்டை போனது, ஒரே ஒரு அழைப்பு வந்தது. அதுவும், "எங்க பையன் பையில உங்க நம்பர் கிடந்தது, நீங்க என்ன விக்கிறீங்க?" என்று. தப்பு அவர்மேல் இல்லை. விளையாடக் கூப்பிடுகிறோம் என்று அட்டையில் எங்குமே எழுதவில்லை.

அதன் பிறகு தெரிந்த மூன்று நான்கு குடும்பங்களுக்கும் செய்து கொடுத்திருக்கிறேன். எல்லோரும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள்: அட்டையைக் குழந்தைக்காகச் செய்கிறார்கள். வாங்குவது குழந்தைதான், ஆனால் படிப்பது அதன் வீட்டுப் பெரியவர். இரவில் பையைக் கொட்டுகிறார். உடைந்த பென்சில், கசங்கிய தாள், நடுவில் மூலை மடங்கிய இந்த அட்டை. நம்மைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. குப்பைக்குப் போகுமா, மேஜைக்குப் போகுமா என்பது சில நொடிகளில் முடிவாகிவிடும். கீழே வரும் படிகள் எல்லாம் அந்தச் சில நொடிகளுக்காகத்தான்.

## தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

அட்டையில் போடப்போகும் ஒரு தொலைபேசி எண். வீட்டிலுள்ள இன்னொரு பெரியவரின் சம்மதம். குழந்தையின் அரை மணி நேரம். கொஞ்சம் தடிமனான தாள், அச்சிட பிரின்டர் (இல்லாவிட்டால் பால்பாயின்ட் பேனா போதும்), இரும்பு ஸ்கேல், கட்டர். கூடவே ஒரு சின்ன நோட்டு; அது எதற்கு என்று கடைசியில் சொல்கிறேன்.

வரிசையை மாற்ற வேண்டாம். பெரும்பாலானவர்கள் நிறத்திலும் படத்திலும் தொடங்கி, மிச்சமிருக்கும் இடத்தில் வாசகத்தைத் திணிக்கிறார்கள். முதலில் வாசகம், பிறகு அளவு, அதற்குப் பிறகுதான் அலங்காரம்.

## 1. குழந்தையிடம் கேளுங்கள்

"உனக்கு இப்படி ஒரு கார்டு வேணுமா?" என்பதுதான் முதல் கேள்வி. வேண்டாம் என்று சொல்லும் குழந்தைகளும் உண்டு. அவர்களுக்குச் செய்து கொடுத்தால் பையின் அடியிலேயே கிடக்கும்.

அடுத்து, "யாருக்குக் கொடுப்பே?" இரண்டு மூன்று பேரையாவது சொல்லட்டும். பெயர் தெரியாவிட்டால் அடையாளம் போதும். எங்கே சந்திக்கிறார்கள் என்பதும் இங்கேயே தெரிந்துவிடும். பள்ளியா, நீச்சல் வகுப்பா, பூங்காவா என்பதைப் பொறுத்து அட்டையின் ஒரு வரி மாறும்.

வயதையும் கணக்கில் எடுங்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை அட்டையை வாயில் வைக்கும், இல்லையென்றால் மணலில் புதைக்கும். அந்த வயதில் நீங்களே எதிர்த்தரப்புப் பெரியவரிடம் நேராகக் கொடுத்துவிடுங்கள். ஆறேழு வயதிலிருந்து குழந்தையே கொடுக்கலாம். பன்னிரண்டு வயதுக்காரர்களுக்கு இது கொஞ்சம் சின்னப்பிள்ளைத்தனமாகப் படும், வற்புறுத்த வேண்டாம்.

## 2. எந்த எண் என்பதை முடிவு செய்யுங்கள்

பெற்றோரின் எண்தான். குழந்தையிடம் சொந்தமாக ஃபோன் இருந்தாலும் அந்த எண் வேண்டாம். அட்டை எங்கே போய்ச் சேரும் என்று யாருக்கும் தெரியாது. வழியில் விழுந்தால், எடுப்பவர் அழைக்கும் அழைப்பு பெரியவர் காதில்தான் விழ வேண்டும்.

இரண்டு எண் போடலாமா என்று கேட்பார்கள். போடாதீர்கள். இரண்டு எண் இருந்தால் அழைப்பவர் எதை அழைப்பது என்று தயங்குவார். தெரியாத எண்ணை எடுக்கும் பழக்கம் உள்ளவர் யாரோ அவர் எண் போதும். "தெரியாத நம்பர்னா நான் எடுக்கவே மாட்டேன்" என்பவரின் எண்ணைப் போட்டுவிட்டு, யாருமே கூப்பிடவில்லை என்று வருத்தப்பட்ட ஒரு வீட்டை நான் பார்த்திருக்கிறேன்.

பெற்றோர் தனித்தனியாக வாழ்ந்தால், அட்டை செய்வதை இருவரும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். குழந்தை எந்த நாளில் எங்கே இருக்கும் என்று தெரிந்தவர் எண் இருந்தால் தேதி குறிக்க எளிது.

## 3. முன்பக்க வாசகத்தைக் கையால் எழுதிப் பாருங்கள்

கணினியை இன்னும் திறக்காதீர்கள். ஒரு தாளில் எழுதுங்கள். படிக்கும் பெரியவர் மனதில் நான்கு கேள்விகள் எழும்: இது எந்தக் குழந்தை? எங்கே பழக்கம்? என்ன வேண்டுமாம்? நான் என்ன செய்ய வேண்டும்? இந்த நான்குக்கும் பதில் இருந்தால் வாசகம் தயார்.

மாதிரிக்குக் குழந்தையின் பெயர் நிலா என்று வைத்துக்கொள்வோம்:

*நான் நிலா.*
*நாம் சந்தித்தது: ____________*
*உன்கூட இன்னொரு நாள் விளையாட ஆசை!*
*உங்கள் வீட்டுப் பெரியவர்கள் என் அம்மாவுக்கு ஒரு மெசேஜ் அனுப்பலாம்:*
*(எண்)*

ஒவ்வொரு வரியும் ஏன் அப்படி இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

"நான் நிலா." கூப்பிடும் பெயர் மட்டும் போதும். விளையாட்டில் எந்தப் பெயர் அடிபடுகிறதோ அதுவே இருக்கட்டும். பள்ளிப் பதிவேட்டில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர் என்று இருந்தால், நண்பருக்குத் தெரிந்தது எதுவோ அது. ஒரு வீட்டில் முழுப் பெயரை அழகாக அச்சிட்டார்கள். கார்டை வாங்கிப்போன பையன், "இது யாருன்னே எனக்குத் தெரியாது" என்று தன் அம்மாவிடம் சொல்லிவிட்டான். அவனுக்குச் செல்லப்பெயர் மட்டுமே பழக்கம்.

"நாம் சந்தித்தது." இதை அச்சிடாமல் கோடாக விடுங்கள். கொடுக்கும் அன்று கையால் நிரப்புவதற்காக. "புதன்கிழமை நீச்சல் வகுப்பு", "பூங்கா ஊஞ்சல்" என்று நான்கு சொல் எழுதினால், "ஓ, அந்தப் பொண்ணா!" என்று வீட்டில் அடையாளம் பிடிபடும். முழு அட்டையிலும் அதிக வேலை செய்யும் வரி இதுதான். என் முதல் முயற்சியில் இல்லாததும் இதுதான்.

"இன்னொரு நாள் விளையாட ஆசை." ப்ளே டேட் (குழந்தைகள் விளையாட நாள் குறித்துச் சந்திப்பது) என்ற சொல் எல்லா வீட்டிலும் புழங்குவதில்லை. பிறந்தநாள் விழாவா, டியூஷனா, விற்பனையா என்ற குழப்பத்தை இந்த வரி தீர்த்துவிடும்.

"மெசேஜ் அனுப்பலாம்." "அழைக்கவும்" என்று எழுதினால் பலருக்குத் தயக்கம். முன்பின் தெரியாதவரோடு பேச என்ன சொல்லித் தொடங்குவது? மெசேஜ் என்றால் இரவு பத்து மணிக்கும் அனுப்பலாம், யோசித்தும் அனுப்பலாம். இந்த ஒரு சொல்லை மாற்றிய பிறகுதான் எங்களுக்குப் பதில்கள் வரத் தொடங்கின.

அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் வேறு மொழி பேசுபவர்கள் என்றால் அவர்கள் படிக்கும் மொழியில் எழுதுங்கள். இரண்டு மொழியையும் ஒரே பக்கத்தில் திணித்தால் எழுத்து எறும்பளவுக்குச் சுருங்கிவிடும். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என்று பிரித்துவிடலாம்; அப்போது ஐந்தாம் படியில் வரும் படத்துக்கு இடம் இருக்காது.

## 4. எழுதக் கூடாதவற்றை நீக்குங்கள்

வாசகத்தை மறுபடி எடுத்து, இவை இருந்தால் அடித்துவிடுங்கள்: வீட்டு முகவரி, பள்ளியின் பெயர், வகுப்பும் பிரிவும், பிறந்த தேதி, குழந்தையின் புகைப்படம், முழுப் பெயர்.

ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சாதாரணமாகத் தெரியும். சேரும்போதுதான் சிக்கல். பெயரும் பள்ளியும் வகுப்பும் தெரிந்த ஓர் அந்நியர், குழந்தையிடம் "உங்க அம்மாதான் அனுப்பினாங்க" என்று நம்பும்படி பேசிவிட முடியும். அட்டை தொலைந்துபோகும் பொருள். தொலைந்தாலும் பரவாயில்லை என்ற அளவுக்கு மட்டுமே அதில் இருக்கட்டும்.

இங்கே ஒரு சின்ன முரண் இருக்கிறது. "நாம் சந்தித்தது" என்ற கோட்டில் பள்ளிப் பெயரை எழுதிவிட்டால் நீக்கியது திரும்பி வந்துவிடும். அதனால் அங்கே இடத்தின் பெயர் வேண்டாம். "நம்ம கிளாஸ்", "நீச்சல் வகுப்பு" போதும். எந்த நீச்சல் வகுப்பு என்பது அங்கே வருபவருக்குத் தெரியும், தெருவில் பொறுக்கி எடுப்பவருக்குத் தெரியாது.

ஒவ்வாமை பற்றி எழுதலாமா? கேட்பவர்கள் அதிகம். என் கருத்து, அட்டையில் வேண்டாம். முக்கியமான செய்தி என்பதால்தான் சொல்கிறேன். பாதி படித்துவிட்டுத் தூக்கிப்போடும் அட்டையில் அது இருப்பதைவிட, சந்திப்பு உறுதியாகும் மெசேஜில் இருந்தால் எதிர்த்தரப்பு கட்டாயம் பார்க்கும்.

## 5. பின்பக்கத்தைக் குழந்தைக்கு விடுங்கள்

முன்பக்கம் பெரியவருக்கு என்றால் பின்பக்கம் நண்பருக்கு. "எனக்குப் பிடித்தது" என்று ஒரு தலைப்பு, கீழே குழந்தையே வரையட்டும்: பந்து, டைனோசர், செஸ் காய், எதுவானாலும். அச்சிட்ட படத்தைவிடக் கோணல் டைனோசருக்கு மதிப்பு அதிகம். தானே வரைந்த அட்டையைக் குழந்தை தொலைப்பதும் குறைவு.

வரைய விருப்பமில்லாத பிள்ளைகள் ஒரு ஸ்டிக்கர் ஒட்டட்டும். அவ்வளவுதான், இதில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

## 6. அளவும் தாளும்

85 மி.மீ. அகலம், 55 மி.மீ. உயரம். பர்ஸில் நுழையும் அளவு என்பது ஒரு காரணம். ஏ4 தாளில் (210 × 297 மி.மீ.) இரண்டு பத்தி, ஐந்து வரிசையாக 10 அட்டை சரியாக அமையும் என்பது இன்னொன்று. 170 × 275 மி.மீ. போக, பக்கவாட்டில் 20 மி.மீ., மேலும் கீழும் 11 மி.மீ. ஓரம் மிஞ்சும். பிரின்டருக்கும் அது வசதி.

குழந்தை தன் கையால் பெரிய எழுத்தில் எழுதும் என்றால் இன்னும் பெரிய அட்டை தேவை. ஏ4-ஐ மூன்று முறை பாதியாக மடித்து வெட்டினால் 8 அட்டை கிடைக்கும். பெரிதாக இருக்கும், தொலையாது என்பது கூடுதல் லாபம்.

தாள் 200 முதல் 250 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) வரை இருக்கலாம். சாதாரணப் பிரின்டர் தாள் 70-80 ஜிஎஸ்எம்தான், ஒரே நாளில் பைக்குள் சுருண்டுவிடும். ஆனால் வீட்டுப் பிரின்டர் எல்லாமே 250-ஐ இழுக்காது. அதன் கையேட்டில் அதிகபட்சத் தடிமன் எவ்வளவு என்று பார்த்துவிட்டுத் தாள் வாங்குங்கள்.

மேட் தாள் வாங்குங்கள், பளபளப்பானது வேண்டாம். லேமினேட்டும் செய்யாதீர்கள். பளபளப்பில் பேனா வழுக்கும், லேமினேட்டில் எழுதவே முடியாது. இடம் எழுதும் கோடு காலியாகவே போய்ச் சேரும். உறுதியாக இருக்கட்டும் என்று லேமினேட் செய்து, பிறகு மார்க்கர் தேடி அலைந்தவள் நான். இரண்டாவது முயற்சி வீணானது அப்படித்தான்.

## 7. வடிவமைப்பு

எதில் செய்தாலும் சரி: வேர்டு, கேன்வா, ஃபோனில் உள்ள ஏதாவது செயலி. கவனிக்க வேண்டியவை சிலதான்.

எண்தான் எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருக்க வேண்டும், குறைந்தது 12 புள்ளி (எழுத்தின் அளவைக் குறிக்கும் பாயின்ட்). மற்ற எழுத்து 9-க்குக் கீழே போகக் கூடாது. தமிழ் எழுத்தில் மேலும் கீழும் கொம்பும் சுழியும் இருப்பதால், சின்ன அளவில் இகரமும் ஈகாரமும் ஒன்றுபோலத் தெரியும்.

எண்ணைப் பிரித்து எழுதுங்கள். பத்து இலக்கத்தை ஒரே கோவையாக எழுதினால் பார்த்து அடிக்கும்போது ஒன்று தவறும். ஐந்து ஐந்தாகவோ, உங்கள் ஊரில் எப்படிச் சொல்வார்களோ அப்படியோ இடைவெளி விடுங்கள். வெளிநாட்டு எண் வைத்திருப்பவர்கள் நடுவில் இருந்தால் முன்னால் + குறியும் நாட்டுக் குறியீடும் சேருங்கள்.

வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து. மஞ்சளில் வெள்ளை எழுதி, "திரையில் நன்றாகத்தானே தெரிந்தது" என்று சொன்னவர்கள் உண்டு. திரை ஒளியை உமிழ்கிறது, தாள் உமிழ்வதில்லை.

எல்லா விளிம்பிலிருந்தும் 5 மி.மீ. உள்ளே தள்ளி எழுதுங்கள். விளிம்பை ஒட்டிக் கட்டம் போடாதீர்கள். வெட்டும்போது அரை மி.மீ. நகர்ந்தாலும் கோணல் பளிச்சென்று தெரியும். கட்டமே இல்லையென்றால் இரண்டு மி.மீ. நகர்ந்தாலும் யாரும் கவனிக்கப்போவதில்லை.

முடிந்ததும் பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள். வெளியே அச்சிடக் கொடுப்பதென்றால் இது அவசியம். யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் "நிலா" என்ற பெயர் குறியும் புள்ளியுமாக வரும். பிடிஎஃப் எழுத்துருவைத் தன்னோடு எடுத்துச் செல்லும்.

## 8. கியூஆர் வேண்டுமா?

கட்டாயம் இல்லை. எண்ணைத் தட்டச்சு செய்யும் சிரமம் குறையும், அவ்வளவே. போடுவதென்றால்:

இணையத்தில் இலவசமாகக் கியூஆர் செய்து தரும் தளங்கள் சில, உங்கள் எண்ணை நேராகக் குறியீட்டில் வைக்காமல் தங்கள் தளத்தின் வழியாகத் திருப்பிவிடும். சந்தா கட்டச் சொல்லும் நாள் வந்தால் அச்சிட்ட அட்டை எல்லாம் செல்லாக்காசு. செய்து முடித்ததும் ஸ்கேன் செய்து பாருங்கள். உங்கள் எண் நேரடியாக வர வேண்டும். நடுவில் முன்பின் தெரியாத முகவரி தென்பட்டால் அது வேண்டாம்.

அளவு 2 செ.மீ.க்குக் குறையக் கூடாது. சுற்றிலும், அதில் உள்ள சின்னக் கட்டங்களில் நான்கின் அகலத்துக்கு வெறும் வெள்ளை விடுங்கள். அந்த வெள்ளைதான் குறியீடு எங்கே தொடங்குகிறது என்று கேமராவுக்குக் காட்டும். பிழை திருத்தும் அளவை நீங்களே தேர்ந்தெடுக்க முடிந்தால் நடுத்தரம் போதும். 15% வரை அழுக்குப் பட்டாலும் படிக்கும். உச்ச அளவு 30% வரை தாங்கும், ஆனால் கட்டங்கள் நெருக்கமாகிவிடும், சின்ன அட்டையில் அது இடைஞ்சல்.

கியூஆர் இருந்தாலும் எண் எழுத்தில் இருந்தே தீர வேண்டும். வீட்டில் தாத்தா பாட்டிதான் அட்டையைப் பார்க்கிறார்கள் என்றால்?

## 9. ஒரே ஒரு தாள் அச்சிட்டுச் சோதியுங்கள்

முதலில் சாதாரணத் தாளில் ஒன்று. அச்சிடும் பெட்டியில் அளவு "100%" என்றோ "ஆக்சுவல் சைஸ்" என்றோ இருக்கட்டும். "ஃபிட் டு பேஜ்" என்று இருந்தால் எல்லாம் கொஞ்சம் சுருங்கி, 85 மி.மீ. என்பது 82 ஆகிவிடும். ஸ்கேல் வைத்து ஓர் அட்டையை அளந்து பாருங்கள்.

பிறகு இந்தச் சோதனை. திரையைப் பார்க்காமல், *அச்சிட்ட தாளைப் பார்த்து* வேறொரு ஃபோனிலிருந்து எண்ணை அழையுங்கள். உங்கள் ஃபோன் ஒலிக்க வேண்டும். நம் எண்ணை நாமே சரிபார்த்தால் கண் ஏமாற்றும். மனப்பாடமாக இருப்பதைத்தான் படிப்போம். 67-க்குப் பதில் 76 என்று 40 அட்டை அச்சிட்ட வீடு எனக்குத் தெரியும்.

அட்டையைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம் நீட்டி, "இது எதுக்குன்னு தெரியுதா?" என்று கேளுங்கள். யோசித்துச் சொன்னார் என்றால் மூன்றாம் படிக்குத் திரும்புங்கள்.

தேறியதும் தடித்த தாளில் 10 மட்டும். இருபதோ நூறோ வேண்டாம். முதல் பத்தைக் கொடுக்கும்போதே வாசகத்தில் ஏதாவது மாற்றத் தோன்றும்.

இங்க்ஜெட் பிரின்டராக இருந்தால் ஒரு மணி நேரம் காயவிட்டு வெட்டுங்கள். அப்போதும் ஈரக்கை பட்டால் மை கலங்கலாம். நீச்சல் வகுப்புக்கு எடுத்துப் போவதென்றால் லேசர் அச்சு நல்லது. கையால் எழுதுவதாக இருந்தால் பால்பாயின்ட் பேனா. ஜெல் பேனா தண்ணீர் பட்டால் பரவிவிடும்.

## 10. வெட்டுங்கள்

இரும்பு ஸ்கேல், கூரான கட்டர், அடியில் பழைய கார்ட்போர்டு. பிளாஸ்டிக் ஸ்கேல் வைத்தால் கத்தி அதையும் சேர்த்துச் சீவும்.

முதலில் நீளவாக்கில் வெட்டி இரண்டு பட்டைகள் ஆக்குங்கள், பிறகு குறுக்கே. அட்டை அட்டையாக நான்கு பக்கமும் வெட்டினால் பத்தும் பத்து அளவில் வரும். ஒரே அழுத்தில் வெட்ட முயலாமல் லேசாக இரண்டு மூன்று முறை இழுங்கள். அழுத்தினால்தான் கத்தி வழுக்கி விரலுக்கு வரும். இந்த வேலை பெரியவருடையது. மூலைகளைக் கத்தரிக்கோலால் வளைக்கும் வேலையைக் குழந்தையிடம் கொடுத்துவிடலாம்.

## 11. பதில் அட்டை ஒன்றும் சேர்த்துச் செய்யுங்கள்

இதை யாரும் யோசிப்பதில்லை. அட்டை கொடுத்தாயிற்று, அவர்கள் மெசேஜ் அனுப்பவில்லை. நம்மிடம் அவர்கள் எண் இல்லை. குழந்தையோ தினமும் கேட்கிறது.

அதனால் பத்தில் மூன்றை இப்படி மாற்றுங்கள்:

*என் பெயர்: ____________*
*எங்கள் வீட்டுப் பெரியவரின் எண்: ____________*
*எனக்கு விளையாட வசதியான நாள்: ____________*
*(நிரப்பி நிலாவிடம் திருப்பிக் கொடுக்கவும்)*

இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால், மெசேஜ் அனுப்பத் தயங்குபவர்கள் இதை நிரப்பிப் பையில் போட்டுவிடுவார்கள். நண்பரே அந்த இடத்தில் தன் வீட்டு எண்ணை எழுதித் தர முன்வந்தாலும், "வீட்டுல எழுதி வாங்கிட்டு வா" என்று சொல்ல உங்கள் குழந்தையைப் பழக்குங்கள். எண்ணைக் கொடுப்பதா வேண்டாமா என்பது அந்த வீட்டுப் பெரியவர் முடிவு.

## 12. கொடுக்கப் பழக்குங்கள்

அழகான அட்டைகள் பத்தும் பைக்குள்ளேயே திரும்பி வருவது இந்தப் படியைத் தாண்டிப் போவதால்தான். கூச்ச சுபாவமுள்ள குழந்தைக்குத்தான் அட்டை அதிகம் தேவை. அதை நீட்டுவதும் அந்தக் குழந்தைக்குத்தான் கஷ்டம்.

வீட்டில் நாடகம் போடுங்கள். நீங்கள் நண்பர், குழந்தை குழந்தையாகவே. என் மகள் முதல் தடவை ஒரு சொல்லும் இல்லாமல் அட்டையை என் மடியில் போட்டுவிட்டு ஓடினாள். இரண்டாம் தடவை, "இந்தா" என்றாள். நான்காம் தடவை, "இது என் கார்டு. உங்க அம்மாகிட்ட குடு. நாம மறுபடி விளையாடலாம்" வந்தது. இந்த மூன்று வாக்கியம் போதும், இதற்கு மேல் மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள்.

அடுத்து நீங்கள் மறுத்துக் காட்டுங்கள். "வேணாம்" என்று சொல்லுங்கள், வாங்கிக் கீழே போடுங்கள். "சரி, பரவாயில்ல" என்று சொல்லிவிட்டு நகர்வதையும் ஒத்திகை பார்த்தால்தான் நிஜத்தில் அது நடக்கும்போது அழுகை வராது.

எப்போது கொடுப்பது? விளையாட்டு முடிந்து கிளம்பும் நேரத்தில். நடுவில் கொடுத்தால் விளையாட்டு மும்முரத்தில் தரையில் போகும். அந்த நேரத்தில் மற்றவரின் அம்மாவோ அப்பாவோ அழைக்க வந்திருந்தால் இன்னும் நல்லது. நீங்கள் ஒரு புன்னகையோடு தலையாட்டினால் அட்டைக்கு ஒரு முகம் கிடைத்துவிடும்.

பள்ளியில் கொடுப்பதென்றால் முதலில் ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். வகுப்பில் ஐந்து பேருக்கு மட்டும் எல்லோர் முன்னாலும் கொடுத்தால், கிடைக்காதவர்கள் அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருப்பார்கள். வெளியே வந்ததும் தனியாகக் கொடுக்கலாம்.

பைக்குள் எப்போதும் இரண்டு அட்டை மட்டும் வையுங்கள். பத்தையும் கொடுத்தனுப்பினால் அன்றே தீர்ந்துவிடும். என் மகள் ஒரு நாள் ஏழு அட்டைகளைப் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் விநியோகித்துவிட்டு வந்தாள். அதனால் விதியையும் தெளிவாகச் சொல்லுங்கள்: விளையாடிய பிள்ளைகளுக்கு மட்டும், தெரியாத பெரியவர்களுக்குக் கிடையாது.

## 13. மெசேஜ் வந்த பிறகு

அன்றே பதில் அனுப்புங்கள். தயங்கித் தயங்கி முதல் அடி எடுத்து வைத்தவர் அவர்.

பதில் அட்டை உங்கள் கைக்கு வந்திருந்தால் நீங்கள்தான் தொடங்க வேண்டும். இப்படி இருக்கலாம்: "வணக்கம், நான் நிலாவின் அம்மா. புதன்கிழமை நீச்சல் வகுப்பில் உங்க பொண்ணும் நிலாவும் சேர்ந்து விளையாடினாங்க. சனிக்கிழமை காலை பத்துல இருந்து பதினொன்றரை வரைக்கும் பூங்காவில் சந்திக்கலாமா? நானும் கூடவே இருப்பேன். அந்த நாள் சரிப்படலைன்னா உங்களுக்கு வசதியானதைச் சொல்லுங்க."

நாள், தொடங்கும் நேரம், முடியும் நேரம், இடம், பெரியவர் இருப்பாரா என்பது எல்லாம் ஒரே மெசேஜில் வந்துவிட்டது. "எப்பயாவது சந்திக்கலாம்" என்று அனுப்பினால், "கண்டிப்பா" என்று பதில் வரும், அதோடு முடிந்துவிடும்.

முதல் சந்திப்பு பொது இடத்தில், இரு தரப்புப் பெரியவர்களும் இருக்கும்படி. இரண்டு குழந்தைகள் மட்டும். மூன்றாவதாக ஒன்று சேர்ந்தால் யாரோ ஒருவர் தனியாக நிற்க நேரும். ஒன்றரை மணி நேரத்தை நீட்டாதீர்கள். இன்னும் வேண்டும் என்று கேட்கும்போதே கிளம்பினால் அடுத்த முறை எளிது.

தேதி உறுதியானதும் இன்னொரு மெசேஜ்: ஏதாவது ஒவ்வாமை உண்டா, நாய் பூனைக்குப் பயமா, புகைப்படம் எடுத்தால் பரவாயில்லையா. உங்கள் குழந்தையைப் பற்றிய அதே விவரங்களை நீங்கள் முதலில் சொல்லிவிட்டுக் கேட்டால் விசாரணை போல இருக்காது.

## 14. பதிலே வராவிட்டால்

ஒரு வாரம் பொறுங்கள். அட்டை பையின் அடியிலேயே கிடக்கலாம், துவைக்கும்போது கூழாகியிருக்கலாம், அந்த வீட்டில் நேரமில்லாமலும் இருக்கலாம். பிறகு இன்னொரு அட்டை கொடுக்கச் சொல்லுங்கள், ஒரே ஒரு முறை. அதற்கும் பதில் இல்லை என்றால் விட்டுவிடுங்கள். அந்தப் பெரியவரை வாசலில் பார்த்தால், "கார்டு கிடைச்சுதா?" என்று மடக்காதீர்கள்.

குழந்தையிடம் "அவங்களுக்கு இஷ்டமில்ல போல" என்று சொல்ல வேண்டாம். நமக்கு உண்மையில் அது தெரியாது. "அவங்க வீட்டுல இன்னும் பார்க்கல போல" என்பதே நிஜத்துக்கு நெருக்கம்.

## 15. நோட்டில் குறித்து வையுங்கள்

ஆரம்பத்தில் சொன்ன நோட்டு இதற்குத்தான். தேதி, யாருக்கு, எங்கே. "மஞ்சள் ஷூ, பூங்கா" என்று இருந்தாலும் போதும். தெரியாத எண்ணிலிருந்து, "கார்டு பார்த்தேன்" என்று மெசேஜ் வரும்போது எந்தக் குழந்தை என்று உடனே பிடித்துவிடலாம். குறித்து வைக்காமல், ஒரு அம்மாவிடம் பத்து நிமிடம் அவர் மகனைப் பற்றிப் பேசிய பிறகு அவருக்கு இருப்பது மகள் என்று தெரிந்துகொண்டவள் நான்.

உங்கள் எண் மாறினாலும் இந்த நோட்டுதான் கைகொடுக்கும். மிச்சமிருக்கும் அட்டைகளைப் பேனாவால் திருத்தாதீர்கள், கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக அச்சிடுங்கள். திருத்திய எண்ணை யாரும் நம்பி அழைப்பதில்லை. கைவிட்ட எண் கொஞ்ச காலத்தில் வேறொருவர் கைக்குப் போய்விடக்கூடும். அதனால் நோட்டில் உள்ளவர்களில் தொடர்பில் இருப்பவர்களுக்குப் புது எண்ணை அனுப்பிவிட்டு, மற்றவர்களுக்குக் குழந்தையின் கையில் புது அட்டை ஒன்றைக் கொடுத்தனுப்புங்கள்.